வெற்றிகரமான 173ஆவது நாள்

லாஸ்பேட்டை, புதுச்சேரி
6 மார்ச் 2007

ஃப்ளோரான்,

அன்புள்ள என்று ஆரம்பிக்க மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் நான் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டாய். மெயில் அனுப்பினால் "பார்க்கிறேன்" என்று ஒரு வார்த்தை போட்டுத் தப்பித்துக்கொள்வாய். நாலு வருஷம் பக்கத்து மேசையில் உட்கார்ந்தவளுக்கு இது தெரியாதா? காகிதத்தில் வந்தால் உறையைப் பிரிக்கிற சிரமமாவது படுவாய் என்றுதான் எழுதுகிறேன். முழுசாகப் படி.

ஜனவரி எட்டாம் தேதிக்குப் பிறகு நம் அலுவலகத்திலிருந்து அனுப்பிய பிரெஞ்சுப் பென்ஷன்காரர்களின் உயிர்வாழ் சான்றிதழ்களில் ஒன்றுகூட பாரிசில் பதிவாகவில்லை. நாற்பத்து மூன்று பேர். சான்றிதழ் வராவிட்டால் ஆள் உயிரோடு இல்லை என்றுதான் அங்கே கணக்கு. மார்ச் மாதப் பென்ஷன் நாற்பத்து மூன்று பேருக்கும் நின்றுவிட்டது.

பாவாடை ஐயாவை உனக்கு ஞாபகம் இருக்கும். அல்ஜீரியாவில் இரண்டு விரலை விட்டுவிட்டு வந்த பிரெஞ்சுப் பட்டாளத்து சொல்தா, தொப்பியைக் கழற்றவே மாட்டார். போன வியாழக்கிழமை கவுண்டருக்கு முன்னால் வந்து விறைப்பாக நின்று "ப்ரெஸான்" என்றார். பட்டாளத்தில் பெயர் கூப்பிட்டால் ஆஜர் என்பதற்கு அப்படித்தான் சொல்வார்களாம். "நான் செத்துட்டதா பாரிசுல எழுதி வெச்சிருக்காங்களாம். யாரு சாவடிச்சதுன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். அன்றிலிருந்து தினமும் ஒன்பது மணிக்கு வந்து ஒரு ப்ரெஸான் சொல்லிவிட்டுப் போகிறார். நான் தலையை நிமிர்த்துவதில்லை.

இனி சான்றிதழ் அனுப்ப நீ எழுதிய புரோகிராமுக்கு வருகிறேன். நம் அலுவலகத் தலைவர் தெய்வசிகாமணி சாருக்குப் புரிகிற மாதிரி எழுதிக் கொடுத்ததையே உனக்கும் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. பாரிஸ் சர்வருக்கு ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைக் கொடுத்தால் அதன் ஐபி எண் என்ன என்று டிஎன்எஸ் சொல்லும். பெயர் மாறாது, எண் மாறலாம். அதனால் அவ்வப்போது கேட்டுக்கொள்ள வேண்டும். உன் புரோகிராம் கிளம்பும்போது ஒரே ஒரு தடவை கேட்கிறது. வந்த எண்ணைத் தலையில் வைத்துக்கொண்டு, அதற்கப்புறம் யாரையும் கேட்பதே இல்லை. ஜனவரி எட்டாம் தேதி பாரிசில் சர்வரை வேறு மெஷினுக்கு மாற்றியிருக்கிறார்கள். உன் புரோகிராம் பழைய எண்ணுக்கே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது.

பழைய மெஷினை அணைத்திருந்தால் அன்றைக்கே எரர் வந்திருக்கும், நானும் பார்த்திருப்பேன். அதுவும் உயிரோடு இருந்து, வந்ததையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஓகே என்று பதில் சொல்லியிருக்கிறது. என் லாக் பதிவில் நாற்பத்து மூன்று ஓகே இருக்கிறது. அந்த மெஷினை மாற்றியது நீ இப்போது வேலை பார்க்கிற கம்பெனி. நீ உட்கார்ந்திருக்கிற பிரிவு.

வெள்ளிக்கிழமை நான் ரீஸ்டார்ட் செய்தேன். உடனே புது எண்ணுக்குப் போனது. நாற்பத்து மூன்றையும் மறுபடி அனுப்பினேன். ஆனால் கடைசி நாள் ஜனவரி 31. இப்போது போனதெல்லாம் தாமதம் என்று ஒதுக்கிவிட்டார்கள். கோப்பை மறுபடி திறக்க ஆறு மாதமாம். ஜனவரியிலேயே வந்து சேர்ந்ததற்கு அத்தாட்சி அந்தப் பழைய மெஷினில் மட்டும்தான் இருக்கிறது.

ஏப்ரல் 25ஆம் தேதி பென்ஷன்காரர்கள் கூட்டம். யாரால் நடந்தது என்று அன்று ஒரு பெயர் சொல்லியாக வேண்டும் என்கிறார் சார். இப்போதைக்கு அவர் கையில் இருக்கிற ஒரே பெயர் என்னுடையது. நீ எழுதிய புரோகிராம் இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று நீ கையெழுத்துப் போட்டு ஒரு காகிதம் அனுப்ப வேண்டும். மெயிலை அச்சடித்துக் காட்டினால் "இத யார் வேணா அடிக்கலாம்மா" என்பார். அவரை உனக்குத் தெரியும்.

சுமலதா


பாரிஸ்
17 மார்ச் 2007

சுமா,

உன் கடிதம் கிடைத்தது. போனை வைத்ததற்குக் காரணம் நீ கத்தியது. பக்கத்தில் என் மேலதிகாரி நின்றுகொண்டிருந்தார். ஒருவனைக் குற்றவாளி ஆக்கிவிட்டு அவனிடமே கையெழுத்துக் கேட்கிற தைரியம் உனக்குத்தான் வரும்.

சில விஷயங்களை நேர் செய்கிறேன். எண்ணை ஒரு தடவை கேட்டுக்கொண்டு மறக்காமல் வைத்திருப்பது என் கண்டுபிடிப்பு இல்லை. ஜாவா என்கிற புரோகிராம் மொழியே அப்படித்தான் வருகிறது. அதை மாற்றாமல் விட்டேன் என்பதைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. உலகத்தில் பாதி சர்வர் அப்படித்தான் ஓடுகிறது. எண் மாறப்போகிறது என்று டிசம்பர் பதினெட்டாம் தேதியே எல்லா அலுவலகத்துக்கும் அறிவிப்பு அனுப்பினோம். உங்கள் அலுவலகத்துக்கும் வந்திருக்கிறது. படித்தாயா? படித்திருந்தால் ஜனவரி எட்டாம் தேதி ஒரு ரீஸ்டார்ட் போட்டிருப்பாய்.

ஏன் போடவில்லை என்று நானே சொல்கிறேன். அறிவிப்பு வந்த மறுநாள் உங்களுக்கு நூறாவது நாள். சர்வர் நூறு நாள் நிற்காமல் ஓடியதற்கு தெய்வசிகாமணி சார் லட்டு கொடுத்து, சுவரில் சினிமா போஸ்டர் மாதிரி "வெற்றிகரமான 100ஆவது நாள்" என்று ஒட்டி, அதற்குப் பக்கத்தில் நீ நிற்கிற போட்டோவை எனக்கே அனுப்பினாய். இன்னும் என்னிடம் இருக்கிறது. ஓடுகிற சர்வரை நிறுத்த உனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். நூறு நூற்றைம்பது ஆக வேண்டும், நூற்றைம்பது இருநூறு ஆக வேண்டும். பாவாடை ஐயாவை யார் சாவடித்தது என்று அவர் கேட்டால் அந்த போஸ்டரைக் காட்டு.

பழைய மெஷினை விட்டு வைத்தது, புது எண்ணுக்குத் தாமதமாக மாறுகிறவர்களுக்காக; அதில் வந்ததை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. ஏப்ரல் 15ஆம் தேதி அதைத் துடைத்துப் பழைய சாமான்காரனுக்குக் கொடுக்கப் போகிறார்கள். அதைத் திறந்து பார்க்க எனக்கு அனுமதி வேண்டும். அனுமதி கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். மே மாதக் கடைசி வரை நான் இங்கே சோதனைக் காலத்தில் இருக்கிறேன். பிடிக்கவில்லை என்றால் ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்பிவிடலாம். பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தால் இங்கே சிவப்புக் கம்பளம் விரிப்பார்கள் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கலாம். ஐந்து மாதம் கிடங்கில் பெட்டி தூக்கிய பிறகுதான் எனக்கு நாற்காலி கிடைத்தது என்று ஊரில் யாருக்கும் நான் சொல்லவில்லை, உனக்கும் சொல்லியிருக்க வேண்டாம்.

கையெழுத்துப் போட முடியாது. மன்னித்துவிடு.

ஃப்ளோரான்


லாஸ்பேட்டை
27 மார்ச் 2007

ஃப்ளோரான்,

முதலில் ஒன்று. அறிவே இல்லாமல் அலுவலக விலாசத்துக்கு எழுதியிருக்கிறாய். தபால் எது வந்தாலும் சார்தான் பிரிப்பார் என்பது உனக்குத் தெரியாதா? பிரித்துப் படித்து, லட்டு வரியில் பேனாவால் கோடு போட்டு, என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவர் கேட்டிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பேன். இனிமேல் வீட்டுக்கு எழுது. விலாசம் உறையின் பின்னால் இருக்கிறது.

நீ சொன்னதில் ஒன்று உண்மை. டிசம்பர் அறிவிப்பை நான் படித்தேன். பெயரை மாற்றவில்லை, எண்ணைத்தான் மாற்றுகிறார்கள், நமக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று நினைத்தேன். புரோகிராம் தானாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் என்று நம்பினேன். நூறு நாளைத் தாண்டி ஓடுவதை நிறுத்திப் பூஜ்யத்திலிருந்து எண்ண மனம் வரவில்லை என்பதும் உண்மைதான். நான் ஒப்புக்கொண்டாயிற்று. ரீஸ்டார்ட் செய்த அன்றைக்கு எண்ணிப் பார்த்தேன், நூற்று எழுபத்து மூன்று நாள் ஓடியிருந்தது. போஸ்டரில் நூறை அடித்துவிட்டு 173 என்று நானே எழுதி வைத்திருக்கிறேன். தினமும் பார்க்கட்டும் என்று.

ஆனால் நீ பெரிய யோக்கியன் மாதிரி எழுதியிருக்கிறாயே, அதற்கு வருகிறேன். பழைய லாக் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன். 2004 ஜூனிலிருந்து நீ போகும்வரை புரோகிராம் ஒருபோதும் ஏழு நாளுக்கு மேல் ஓடியதே இல்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை ஒன்பதே முக்காலுக்கு நின்று, ஒன்பதே முக்காலுக்கே மறுபடி கிளம்பியிருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு மேல், ஒரு வாரம்கூடத் தப்பாமல். கடைசித் தடவை 2006 செப்டம்பர் 10. அடுத்த வாரம் நீ விமானம் ஏறினாய்.

வாட்ச்மேன் ராமலிங்கத்தைக் கேட்டேன். "ஃப்ளோரான் தம்பிங்களா? ஞாயித்துக்கெழம மாதா கோயில்ல பூச முடிச்சிட்டு நேரா இங்கதான் வருவாரு. சாவி வாங்கிக்கினு மேல போயி அஞ்சு நிமிசத்துல எறங்கிடுவாரு. என்னா தம்பி வேலன்னு கேட்டா, பொட்டிக்குப் பாவமன்னிப்பு குடுத்துட்டு வரேன்பாரு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

வாரா வாரம் ரீஸ்டார்ட் செய்தால் வாரா வாரம் புதிதாகக் கேட்டுக்கொள்ளும். அதனால்தான் உன் காலத்தில் ஒன்றும் நடக்கவில்லை. உனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தே ஒரு வரி மாற்றாமல், ஒரு காகிதத்தில் எழுதி வைக்காமல், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பாரிசுக்குப் போய்விட்டாய். நீ போன பிறகு அந்தப் புரோகிராமை நான் ஒரு நாளும் நிறுத்தாமல் பார்த்துக்கொண்டேன் என்று பெருமைப்பட்டேனே, அந்தப் பெருமைதான் அந்த நாற்பத்து மூன்று பேருக்குச் சாவு எழுதியிருக்கிறது. இதை நினைத்தால் உன்னை என்ன செய்வது என்றே தெரியவில்லை.

பாவாடை ஐயா நேற்று வரவில்லை. பயந்துவிட்டேன். இன்றைக்கு வந்து, கால் வீங்கியிருக்கிறது என்றார். மருந்து வாங்கவில்லையா என்று நான் கேட்கவில்லை, கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

ஏப்ரல் 15க்கு முன்னால் அந்த மெஷினைத் திற. 25க்கு முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பு. இரண்டும் செய்யாவிட்டால் இந்த ஊர்ப் பக்கம் வராதே.

சுமலதா


பாரிஸ்
6 ஏப்ரல் 2007, பெரிய வெள்ளி

சுமா,

இங்கே பெரிய வெள்ளிக்கு லீவுகூடக் கிடையாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். ராமலிங்கத்திடம் நான் சொன்ன கேலி ஆறு மாதம் கழித்து என்னிடமே வந்து சேரும் என்று நினைக்கவில்லை.

2004 ஜூன், ஒரு திங்கட்கிழமை. நீ தங்கை கல்யாணத்துக்கு லீவில் போயிருந்தாய். அன்றைக்கும் பாரிஸ் பக்கம் எண்ணை மாற்றினார்கள். மதியம் வரை பதினொரு சான்றிதழ் பழைய எண்ணுக்குப் போயிற்று. தற்செயலாகப் பார்த்தேன். ரீஸ்டார்ட் செய்து, பதினொன்றையும் மறுபடி அனுப்பி, லாக்கிலிருந்து அந்த அரை நாளை அழித்துவிட்டேன்.

வைத்திருக்கிற எண்ணை ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மறந்துவிட்டு மறுபடி கேள் என்று ஒரு வரி எழுதினால் போதும். எனக்கு அன்றைக்கே தெரியும். ஆனால் எந்த மாற்றம் செய்தாலும் சாரின் நோட்டில் ஏன் என்று காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமே. காரணம் எழுதினால் பதினொரு சான்றிதழ் வெளியே வரும். ரீஸ்டார்ட் செய்வதற்கு நோட்டில் எழுத வேண்டியதில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை.

கிளம்பும்போது உன்னிடம் சொல்லத்தான் நினைத்தேன். வழியனுப்பு விழாவில் எல்லோருக்கும் முன்னால் "ஃப்ளோரான் எழுதினது, அது நிக்கவே நிக்காது" என்று சொன்னாய். அதற்கப்புறம் வாய் வரவில்லை. கேவலமான காரணம்தான். வேறு காரணம் இல்லை.

நேற்று மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 2004ஐயும் சேர்த்து. அவர் தேதிகளை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார். பிறகு மெஷினைத் திறக்கச் சொன்னார். நாற்பத்து மூன்றும் இருக்கின்றன, வந்த தேதி, நேரத்தோடு. பென்ஷன் அலுவலகத்துக்கு அனுப்பியாயிற்று. தாமதம் என்பதை ரத்து செய்வார்கள். என் சோதனைக் காலத்தை இன்னும் மூன்று மாதம் நீட்டிவிட்டார்கள். அதற்கப்புறம் என்ன ஆகும் என்று தெரியாது.

சாருக்கான காகிதம் உள்ளே தனியாக இருக்கிறது. இந்த வட்டாரத்து மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், என் கையெழுத்துக்கு முத்திரை வாங்கியிருக்கிறேன். நீ சொன்னபடி வீட்டுக்கே அனுப்புகிறேன், பதிவுத் தபாலில், பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி அட்டையோடு. விலாசத்தைத் தேட வேண்டியதில்லை. முதலியார்பேட்டையில் அந்தப் பச்சை கேட் வாசலில் எத்தனை மழைக்கு உன்னை வண்டியில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறேன், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

கிடைத்ததும் ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

ஃப்ளோரான்


லாஸ்பேட்டை
28 ஏப்ரல் 2007

ஃப்ளோரான்,

இது கடைசி. இருபத்தைந்தாம் தேதி வரை தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு மதியம் வீட்டுக்கு ஓடி வந்தேன். ஒன்றும் வரவில்லை. நீ அனுப்பவில்லை.

கூட்டத்தில் சார் எழுந்து என் பெயரைச் சொன்னார். மேடைக்குக் கூப்பிட்டு நிற்க வைத்துச் சொன்னார். முன்வரிசையில் பாவாடை ஐயா. யாரோ பின்னாலிருந்து "ஒக்காந்த எடத்துல ஆள சாவடிக்கறாங்கடா" என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் உன் பெயரைச் சொல்லியிருப்பேன், கையில் காகிதம் இல்லாமல் சொன்னால் பழியைப் போடுகிறாள் என்பார்கள். மறுநாள் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். ஊரில் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

நேற்று பாவாடை ஐயாவுக்கும் மற்றவர்களுக்கும் நின்ற பென்ஷன் வந்துவிட்டதாம். பாரிசில் யாரோ நல்ல மனிதர் பார்த்துச் சரி செய்திருக்கிறார். தான் எழுதிய கடிதத்தால்தான் வந்தது என்று சார் சொல்லிக்கொண்டு திரிகிறாராம். யார் செய்திருந்தாலும் நன்றாக இருக்கட்டும். நீ செய்திருக்க மாட்டாய்.

நீ எழுதிய புரோகிராம்தான் நீ. ஒரு தடவை தலையில் ஏற்றிக்கொண்டதை விட்டு வெளியே வரவே மாட்டாய்.

சுமலதா


பாரிஸ்
9 மே 2007

சுமலதா,

எவ்வளவு பெரிய பொய். என் கையில் அத்தாட்சி அட்டை இருக்கிறது. புதுச்சேரி, 2007 ஏப்ரல் 14, பெற்றுக்கொண்டேன் என்று நீலப் பேனாவில் கையெழுத்து. பதினொரு நாள் கையில் வைத்துக்கொண்டு மேடையில் போய் ஊமையாக நின்றாயா? என்னை இன்னும் கேவலப்படுத்தத்தானே?

எனக்கு ஒரு வேலையை ஏறக்குறைய இழக்க வைத்த காகிதம் அது. முத்திரைக்காக இரண்டு நாள் வரிசையில் நின்றேன். கிடைத்தது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அட்டை வந்த அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன் தெரியுமா? சேர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

அட்டையின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். உன் கையெழுத்தை நீயே பார்த்துக்கொள். கடைசிக் கடிதம் என்றாய். சரி.

ஃப்ளோரான்

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு, விலாசம் எழுதுவதற்காக உன் உறையைத் திருப்பிப் பார்த்தேன். லாஸ்பேட்டை என்று போட்டிருக்கிறது. மார்ச் மாதத்து உறைகளையும் எடுத்துப் பார்த்தேன், அவற்றிலும் அதுதான். உறையைக் கிழித்து இதைச் சேர்த்து எழுதுகிறேன். சுமா, நீ எப்போது வீடு மாறினாய்?


லாஸ்பேட்டை
27 மே 2007, ஞாயிறு

ஃப்ளோரான்,

நவம்பரில். நீ போய் இரண்டு மாதம் கழித்து.

நகலைப் பார்த்ததும் கையெழுத்தை அடையாளம் தெரிந்துவிட்டது. பழைய வீட்டுக்காரம்மா ஆயம்மா. அன்றைக்கே முதலியார்பேட்டைக்குப் போனேன். பச்சை கேட்டைத் திறந்துகொண்டே "ஏம்மா, இவ்ளோ நாளா வர்ல? ஃபாரின் தபால் வந்துச்சு, கையெழுத்துப் போட்டு வாங்கி பீரோல பத்திரமா வெச்சிருக்கேன். நீதான் வருவியேன்னு இருந்துட்டேன்" என்றார். மேலே மஞ்சள் துணி சுற்றி வைத்திருந்தார். ஒரு மூலைகூட மடங்கவில்லை. அவரை நான் என்னவென்று திட்டுவது? அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்து படித்தேன். உன் மேல் வந்த கோபத்தில் பாதி அங்கேயே போயிற்று. மீதிப் பாதியை விட மாட்டேன். 2004இல் நீ அழித்த அரை நாளுக்கு அது இருக்கட்டும்.

காகிதத்தைக் கொண்டுபோய் சார் மேசையில் வைத்தேன். முத்திரையைத் தடவிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகுதான் படித்தார். "திங்கக்கெழம வேலைக்கு வந்துடும்மா" என்றார். வருகிறேன், ஆனால் என் பெயரை எங்கே சொன்னீர்களோ அங்கேயே இதைப் படிக்க வேண்டும் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. ஒரு வாரம் இழுத்தார். நேற்று பென்ஷன்காரர் சங்கத்தில் கூட்டம் போட்டு, நான் பக்கத்தில் நிற்க, உன் காகிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தார். என் பெயர் வந்த இடத்தில் முன்வரிசையிலிருந்து பாவாடை ஐயா எழுந்து, எனக்குப் பதிலாக "ப்ரெஸான்" என்றார். நான் அழுதுவிட்டேன், எழுதுவதில் வெட்கமில்லை.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ராமலிங்கத்திடம் சாவி வாங்கிக்கொண்டு மேலே போனேன். அந்த வரியைச் சேர்த்தேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மறந்துவிட்டு மறுபடி கேட்கும். நோட்டில் காரணம் எழுதினேன், ஒன்றரைப் பக்கம் வந்தது, கையெழுத்துப் போட்டேன். போஸ்டரைக் கிழித்தாயிற்று.

நீ உன் வேலையைக் காப்பாற்றிக்கொள். கிடங்கில் பெட்டி தூக்கியதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

பதில் எழுது. கீழே விலாசம் இருக்கிறது. ஜூலையில் இந்த வீட்டையும் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் மனப்பாடம் செய்து வைக்காதே. எழுதுகிற ஒவ்வொரு தடவையும் என்னைக் கேட்டுவிட்டு எழுது.

சுமா